கோமுகத்துக்கு உள்ளே

சிவன் கோயில் பிராகாரத்தைச் சுற்றி வரும்போது கருவறையின் வடக்குச் சுவரில் கோமுகியைப் பார்த்திருப்பீர்கள். உள்ளே அபிஷேகம் நடப்பது வெளியே நிற்பவருக்குத் தெரியாது. கோமுகியில் தண்ணீர் விழுந்தால் அபிஷேகம் ஆரம்பித்துவிட்டது என்று அர்த்தம். வெள்ளையாக விழுந்தால் பால், மஞ்சளாக விழுந்தால் மஞ்சள்பொடி. உள்ளே ஊற்றி முடித்த பிறகும் கொஞ்ச நேரம் சொட்டிக்கொண்டே இருக்கும்.

கங்கை தொடங்கும் இடத்துக்கும் அதே பெயர்தான். உத்தராகண்டின் உத்தரகாசி மாவட்டத்தில், ஏறத்தாழ 4,000 மீட்டர் உயரத்தில், கங்கோத்ரி பனியாறு முடிகிற இடம் கௌமுக். நம் வழக்கில் கோமுகம். கங்கோத்ரி கோயிலிலிருந்து சுமார் 18 கிலோமீட்டர் நடக்க வேண்டும். சாம்பல் நிறத்தில் ஒரு பனிச்சுவர், அதன் அடியில் ஒரு குகை. குகையிலிருந்து, கங்கையின் மூல ஆறான பாகீரதி வெளியே வரும்போதே முழு ஆறாக வருகிறது. ஊற்றாகக் கசிந்து, ஓடையாகி, அப்புறம் ஆறாவது என்ற கதை இங்கே கிடையாது. சுவருக்கு மேலே பார்த்தால் கல்லும் மண்ணும் மூடிய பனிதான். இவ்வளவு தண்ணீரைக் கொண்டுவரும் ஆறு எதுவும் அங்கே கண்ணில் படாது.

பனி வெயிலில் உருகுகிறது, அது ஆறாக ஓடுகிறது என்று பள்ளிக்கூடத்தில் படித்தோம். அது சரிதான். ஆனால் கங்கோத்ரி பனியாறு சுமார் 30 கிலோமீட்டர் நீளம். உருகிய சொட்டு அந்த நீளத்தில் எந்த வழியாகப் போகிறது, எங்கே தங்குகிறது, எத்தனை நாள் கழித்து வெளியே வருகிறது என்பதில்தான் ஆற்றின் குணம் இருக்கிறது. பனியாறுகள் கரைவதைப் பற்றிப் பேசும்போது எவ்வளவு தண்ணீர் போய்விடும் என்றுதான் எல்லோரும் கேட்கிறார்கள். அந்தத் தண்ணீர் எப்போது வருகிறது என்பது அதைவிடப் பெரிய விஷயம் என்று நினைக்கிறேன். அந்த ‘எப்போது’ தீர்மானமாவது பனிக்கு உள்ளேயும் அடியிலும்தான்.

பெயரைப் பற்றி ஒரு வார்த்தை. செய்திகளில் ‘பனிப்பாறை’ என்றே எழுதுகிறார்கள். பாறை என்றதும் ஓரிடத்தில் கிடக்கும் பொருள்தான் மனத்தில் வரும். பாடநூல்களில் உள்ள ‘பனியாறு’ நல்ல சொல். ஆண்டுக்கணக்கில் விழுந்த பனி இறுகிக் கட்டியாகி, தன் எடையாலேயே சரிவில் மெல்ல நகர்கிறது. கார்வால் மக்கள் இதை ‘பாமக்’ என்கிறார்கள். கங்கோத்ரியின் கிளைப் பனியாறுகளும் கீர்த்தி பாமக், சதுரங்கி பாமக் என்றே வழங்குகின்றன. ஆக அந்தப் பள்ளத்தாக்கில் இரண்டு ஆறுகள் இருக்கின்றன. நகர்வது கண்ணுக்கே தெரியாத பனி ஆறு ஒன்று, அதற்குள் ஓடும் தண்ணீர் ஆறு இன்னொன்று.

மேலேயிருந்து தொடங்கலாம். மே மாத வெயிலில் முதலில் உருகுவது அந்தக் குளிர்காலத்தில் விழுந்த புதுப் பனி. உருகிய நீர் உடனே ஓடிவிடாது. அடியில் இருக்கும் பனி பஞ்சுபோல அதை உறிஞ்சிக்கொள்ளும். ராத்திரிக் குளிரில் ஒரு பகுதி திரும்பவும் உறையும். அதனால் கோடையின் தொடக்கத்தில் நல்ல வெயில் அடித்தாலும் ஆறு பெருகப் பல நாள் ஆகும். புதுப் பனி போய், அடியிலிருக்கும் பழைய நீலக் கட்டி வெளியே தெரிந்ததும் நிலைமை மாறிவிடும். கட்டிப் பனிக்குள் தண்ணீர் இறங்காது. சிமென்ட் தரையில் கொட்டியதுபோல மேலேயே ஓடும், ஓடிய தடத்தை உருக்கி வாய்க்கால் ஆக்கிக்கொள்ளும்.

கங்கோத்ரியின் கீழ்ப்பகுதியில் இன்னொரு விஷயமும் உண்டு. இருபுற மலைகளிலிருந்தும் சரிந்த கல்லும் மண்ணும் பனியை மூடியிருக்கின்றன. மீன் மார்க்கெட்டில் ஐஸ் பார்களைச் சாக்குப் போட்டு, மரத்தூள் கொட்டி வைப்பார்கள். வெயில் உள்ளே போகாது, கட்டி நெடுநேரம் நிற்கும். சில சென்டிமீட்டருக்கு மேல் கனமான மண் மூடாக்கு பனியாற்றுக்கும் அதையே செய்கிறது. மெல்லிய தூசியாக இருந்தால் பலன் தலைகீழ். கறுப்பு, வெயிலை இழுத்துப் பனியை இன்னும் சீக்கிரம் உருக்கும். அதனால் கோமுகத்தில் கொட்டும் தண்ணீர் பெரும்பாலும் கோமுகத்தில் உருகியதல்ல. மூடாக்கு இல்லாத மேல்பகுதிகளில் உருகி, பல கிலோமீட்டர் உள்ளே பயணம் செய்து வந்தது.

அது எப்படி உள்ளே போகிறது? மேலே ஓடும் வாய்க்கால் ஏதாவது ஒரு பனிப்பிளவில் போய் விழுகிறது. காலியாக இருக்கும் பிளவு அதிக ஆழம் போகாது. இருபுறப் பனியின் எடை நெருக்கி மூடிவிடும். அதே பிளவில் தண்ணீர் நிரம்பினால் கதை வேறு. ஒரு கன மீட்டர் பனிக்கட்டியின் எடை சுமார் 917 கிலோ, தண்ணீரின் எடை 1,000 கிலோ. பனி நெருக்குவதைவிடப் பிளவின் அடியில் தண்ணீர் தள்ளுவது அதிகம். மரத்தைப் பிளக்க அடிக்கும் ஆப்புபோலத் தண்ணீர் பிளவைக் கீழ்நோக்கிக் கிழித்துக்கொண்டே போகும். மேலே தண்ணீர் வந்துகொண்டிருந்தால் அடிப்பாறை வரைக்கும் போய்விடும்.

இது எவ்வளவு வேகமாக நடக்கும் என்பதை 2006 ஜூலையில் கிரீன்லாந்தின் மேற்கில் நேராகவே அளந்தார்கள். பனிப்பரப்பின் மேல் தேங்கியிருந்த ஒரு ஏரி, பரப்பு சுமார் 5.6 சதுர கிலோமீட்டர். அதன் அடியில் ஏறத்தாழ ஒரு கிலோமீட்டர் கனத்துக்குப் பனி. ஒரு நாள் ஏரியின் அடி பிளந்தது. ஒன்றரை மணி நேரத்துக்குள் தண்ணீர் முழுக்க உள்ளே போய்விட்டது. அந்த நேரத்தில் அது இறங்கிய வேகம் நயாகரா அருவியைவிட அதிகம். பக்கத்தில் பனிமேல் வைத்திருந்த ஜிபிஎஸ் கருவி ஒரு மீட்டருக்கு மேல் உயர்ந்து, அப்புறம் தணிந்தது. ஒரு கிலோமீட்டர் கனமான பனியையே தண்ணீர் தூக்கிப் பார்த்திருக்கிறது.

பிளவு பிறகு மூடிக்கொண்டாலும் தண்ணீர் விழுந்துகொண்டே இருக்கும் ஒரு புள்ளி மட்டும் கிணறு மாதிரி செங்குத்துக் குழியாக நிலைத்துவிடும். ஆல்ப்ஸ் மலைக்காரர்கள் இதை ‘மூலான்’ என்பார்கள். பிரெஞ்சில் மாவாலை என்று பொருள். சுழன்று விழும் தண்ணீரின் சத்தம் ஆலை ஓடுவதுபோல் கேட்பதால் வந்த பெயர். 1841-ல் லூயி அகாசி என்ற சுவிஸ் அறிஞர் உன்டரார் பனியாற்றில் இப்படியொரு குழிக்குள் கயிற்றில் இறங்கினார். நூறு அடிக்கும் கீழே போனபோது கால் தண்ணீரில் பட்டது. மேலே இழுத்துவிட்டார்கள். பனியாற்றின் வயிறு வெறும் கட்டி அல்ல என்பதைக் கால் வைத்துப் பார்த்தே அறிந்தவர் அவர்.

இனி அடித்தளத்துக்கு வருவோம். எனக்கு இந்தக் கதையில் மிகவும் பிடித்த பகுதி இதுதான்.

இமயமலையின் பெரிய பனியாறுகள் பலவற்றில் அடிப்பாறையை ஒட்டிய பனி உருகும் நிலையிலேயே இருக்கிறது. பூமியின் வெப்பம் ஒரு பக்கம், பனி பாறையில் உராயும் வெப்பம் இன்னொரு பக்கம். மேலே அழுத்தம் கூடக்கூட உருகுநிலையும் கொஞ்சம் இறங்கும். 100 மீட்டர் பனிக்கு சுமார் 0.07 டிகிரி. இதனால் அடியில் எப்போதும் ஒரு மெல்லிய நீர்ப்படலம் உண்டு. பாறை மேடு தட்டும் இடங்களில் பனி அதைத் தாண்டிக் குதிப்பதுபோல நகர்வதால் மேட்டின் மறுபுறம் சின்னச் சின்னப் பொந்துகள் உண்டாகும். குளிர்காலத்தில் இருக்கும் தண்ணீர் இந்தப் பொந்துகளில்தான் தேங்கி, ஒன்றிலிருந்து ஒன்றுக்குக் குறுகிய இடுக்குகள் வழியே கசிகிறது. ஒரு கண்மாய் நிறைந்து அடுத்த கண்மாய்க்குப் போகும் சங்கிலிபோல என்று வைத்துக்கொள்ளுங்கள். மிகவும் மெதுவான வழி.

கோடை வந்து மூலான்கள் வழியாகத் தண்ணீர் கொட்டத் தொடங்கியதும் இந்த இடுக்குகள் தாங்காது. தண்ணீர் அழுத்தம் ஏறும், பனியைத் தூக்கும், பனியாறு பாறைப் பிடிப்பை இழந்து வழுக்கும். வசந்தத்தின் கடைசியில் பனியாறுகள் திடீரென்று சில நாட்களுக்கு வேகம் எடுப்பது இதனால்தான். அதே சமயத்தில் இன்னொரு வேலையும் நடக்கிறது. ஓடும் தண்ணீர் உராய்ந்து சூடாகிறது. கணக்குப் போட்டால் ஒரு டன் தண்ணீர் ஒரு கிலோமீட்டர் உயரம் இறங்கும்போது வெளிவிடும் ஆற்றலில் சுமார் 29 கிலோ பனி உருகும். கொஞ்சம் பெரிய இடுக்கில் கொஞ்சம் அதிகத் தண்ணீர் ஓடும். அதிகம் ஓடினால் கூரைப் பனி அதிகம் உருகும், இடுக்கு இன்னும் பெரிதாகும். பெரிதானதும் அதில் அழுத்தம் குறையும், சுற்றியுள்ள சின்ன இடுக்குகளின் தண்ணீரெல்லாம் இதை நோக்கி இழுபடும். சில வாரங்களில் பொந்துச் சங்கிலி இருந்த இடத்தில், கிளைகளும் நடுவே ஒரு தாய்க்கால்வாயுமாகச் சுரங்க வாய்க்கால் அமைப்பு வந்துவிடுகிறது. சுவிட்சர்லாந்தின் ஹான்ஸ் ரோத்லிஸ்பெர்கர் 1972-ல் இதன் இயற்பியலை எழுதிக் காட்டினார். பனிக் கூரைக்கு அடியில் ஓடும் அந்தக் கால்வாய்கள் இன்றும் அவர் பெயராலேயே அழைக்கப்படுகின்றன.

கால்வாய் திறந்ததும் அழுத்தம் இறங்கிவிடும், பனியாறு திரும்பப் பாறையைப் பிடித்துக்கொள்ளும். தண்ணீர் அதிகம், ஆனால் வழுக்கல் குறைவு. உருகினால் பனியாறு வழுக்கிக்கொண்டு கடலுக்குப் போய்விடும் என்று கிரீன்லாந்தைப் பற்றி 2002-ஐ ஒட்டி ஒரு பயம் எழுந்தது. சில ஆண்டுகள் கழித்துச் செயற்கைக்கோள் அளவீடுகளைப் பார்த்தபோது, அதிகம் உருகிய கோடைகளில் வேகமான காலம் சீக்கிரமே முடிந்துவிடுவது தெரிந்தது. வடிகால் சீக்கிரம் திறந்துகொண்டதுதான் காரணம். பயம் முழுக்கத் தீர்ந்துவிடவில்லை. ஆனால் உள்ளே இருக்கும் வாய்க்கால்களைக் கணக்கில் எடுக்காமல் பனியாற்றைப் பற்றி எதுவும் சொல்ல முடியாது என்பது உறுதியாகிவிட்டது.

கங்கோத்ரி கோயிலின் ஆண்டும் இதே தாளத்தில் போவதை யோசித்துப் பார்க்கிறேன். அட்சய திருதியை அன்று நடை திறக்கிறார்கள், தீபாவளிக்கு மறுநாள் சாத்துகிறார்கள். ஏறத்தாழ அதே மாதங்களில்தான் பனிக்கு அடியிலும் வழி திறக்கிறது, வழி அடைகிறது. தண்ணீர் குறைந்ததும் மேலிருக்கும் பனி மெல்ல இறங்கிக் கால்வாயை நெரித்துவிடும். அடுத்த ஆண்டு எல்லாம் முதலிலிருந்து.

பார்க்க முடியாத இடத்தில் நடப்பது எப்படித் தெரியும்? நார்வேயின் எங்காபிரேன் பனியாற்றில் ஆய்வாளர்கள் நேரடியாகவே போய்ப் பார்க்கிறார்கள். நீர்மின் நிலையத்துக்காக மலைக்குள் வெட்டிய சுரங்கம் ஒன்று பனியாற்றின் அடிவயிற்றைத் தொடுகிறது. மேலே 200 மீட்டர் பனி. வெந்நீரைப் பீய்ச்சிக் குகை குடைந்துகொண்டு வேலை செய்வார்கள். விட்டுவிட்டால் சில நாளிலேயே குகை மூடிக்கொள்ளும். மற்ற இடங்களில் கோமுகி முறைதான். மேலே மூலானில் சாயம் ஊற்றிவிட்டு, கீழே அது எப்போது, எப்படி வருகிறது என்று பார்ப்பது. பொந்துச் சங்கிலி வழியே போனால் சாயம் தாமதமாக, கலங்கி, நெடுநேரம் இழுத்துக்கொண்டு வரும். கால்வாய் வழியே போனால் சட்டென்று, அடர்த்தியாக வந்து முடிந்துவிடும். அலாஸ்காவின் வேரியகேட்டட் பனியாறு 1982-83-ல் திடீர்ப் பாய்ச்சல் எடுத்தபோது உள்ளே சாயம் நகர்ந்த வேகம் விநாடிக்கு 2 சென்டிமீட்டர் அளவுதான். பாய்ச்சல் முடிந்து கால்வாய் திறந்த பிறகு, அதே இடத்தில் ஏறத்தாழ 70 சென்டிமீட்டர்.

கங்கோத்ரியில் ரூர்க்கியின் தேசிய நீரியல் நிறுவனம் கோமுகத்துக்குக் கொஞ்சம் கீழே போஜ்பாசாவில் ஆற்றை அளந்து வந்திருக்கிறது. மத்தியானம் வெயில் உச்சத்தில் இருந்தாலும் ஆறு உச்சத்துக்கு வருவது மாலையில்தான். இதற்கும் மேலே, ராத்திரி ஓடும் தண்ணீர் பகலில் ஓடுவதைவிடக் கொஞ்சம்தான் குறைவு. உருகுவதோ பகலில் மட்டும். அவ்வளவு தண்ணீரைப் பனியாறு வாங்கி வைத்துக்கொண்டு ராத்திரி முழுக்க நிதானமாக விடுகிறது. மலையேறுபவர்கள் பனி ஓடைகளை விடியற்காலையில் கடந்துவிட வேண்டும் என்பார்களே, அந்த அனுபவப் பாடத்துக்கும் காரணம் இந்தத் தாமதம்தான். விடியலில் முழங்கால் அளவுக்கு ஓடியது சாயங்காலம் இடுப்பளவு ஆகிவிடும்.

நிறமும் ஒரு சாட்சி. கோமுகத்துத் தண்ணீரைக் கையில் அள்ளிப் பார்த்தால் அரிசி கழுவிய கழுநீர் மாதிரி இருக்கும். பனியாறு பாறையை அரைத்த மாவு அது. அத்தனை நைசான தூள் என்பதால் எளிதில் அடியில் படியாது. கோடையில் புதுக் கால்வாய்கள் திறக்கும்போது, அதுவரை தண்ணீர் தொடாத அடித்தளத்தின் மாவெல்லாம் அலசப்பட்டு வரும், ஆறு இன்னும் வெளுக்கும்.

வாங்கி வைத்துக்கொள்வது எப்போதும் நல்லதாகவே முடிவதில்லை. பிரான்சில் மோன் பிளாங்க் சிகரத்துக்குக் கீழே தேத் ரூஸ் என்ற சின்னப் பனியாறு இருக்கிறது. 1892 ஜூலை 11 இரவு, அதன் வயிற்றில் யாருக்கும் தெரியாமல் சேர்ந்திருந்த தண்ணீர் சுவரை உடைத்துக்கொண்டு சேன் ஜெர்வே பள்ளத்தாக்கில் இறங்கியது. சுமார் 175 பேர் தூக்கத்திலேயே செத்தார்கள். அப்புறம் பனியாற்றுக்குள் வடிகால் சுரங்கம் வெட்டி, நூறு ஆண்டுக்கு மேல் பராமரித்தார்கள். இனியும் அது தேவையா என்று பார்ப்பதற்காக ஆய்வு செய்தபோது, உள்ளே மறுபடியும் சுமார் 55,000 கன மீட்டர் தண்ணீர் சேர்ந்திருப்பது தெரியவந்தது. பனியாற்றின் முனை பாறையோடு உறைந்து அணைபோல நின்றிருந்தது. 2010-ல் துளையிட்டுப் பம்ப் வைத்து இறைத்தார்கள். அன்று பள்ளத்தாக்கில் யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை. தேவையா என்று கேட்டவர்கள் உள்ளே பார்த்துவிட்டு முடிவெடுத்ததால் தப்பித்தார்கள்.

சரி, ஆற்றுக்கு வருவோம். கங்கை முழுக்கப் பனி உருகி வரும் நீர் என்று பலர் நினைக்கிறார்கள். அது உண்மையில்லை. சமவெளியில் இயற்கையாக உண்டாகும் நீரோட்டத்தோடு ஒப்பிட்டால் மலையில் உருகி வரும் தண்ணீர், சிந்து நதியில் ஒன்றரை மடங்கு, கங்கையில் பத்தில் ஒரு பங்கு என்று நெதர்லாந்து ஆய்வாளர்கள் 2010-ல் கணக்கிட்டார்கள். லடாக், பாகிஸ்தான் பக்கம் மழை குறைவு, உருகும் நீர்தான் விவசாயம். கங்கைக்குப் பருவமழை கொட்டுகிறது. காசியில் அடைத்து வாங்கி, ராமேஸ்வரத்து அபிஷேகத்துக்கு நம்மவர்கள் கொண்டுவரும் சொம்பில் இருப்பது பெரும்பாலும் மழையும் ஊற்றும்தான். கோமுகத்துத் தண்ணீர் அதில் ஒரு மடக்கு.

ஆனால் அந்த ஒரு மடக்கு வரும் நேரத்தைப் பாருங்கள். ஏப்ரல், மே, ஜூன் தொடக்கம். மழை இன்னும் வராத, வயல் காயும் மாதங்கள். அப்போது பாகீரதியில் ஓடுவது மேலே உருகி வரும் நீர். அதோடு, மழை பொய்த்து வெயில் கொளுத்தும் ஆண்டில் பனியாறு அதிகம் உருகி அதிகம் கொடுக்கிறது. மழை நன்றாகப் பெய்த குளிர்ந்த ஆண்டில் குறைவாகக் கொடுத்து, மிச்சத்தைச் சேமிக்கிறது. மனிதன் கட்டிய எந்த அணையும் தானாக இப்படி நடந்துகொள்ளாது.

இந்த ஏற்பாடுதான் இப்போது ஆட்டம் காண்கிறது. கங்கோத்ரியின் முனை 1935-லிருந்து பல பத்தாண்டுகள் ஆண்டுக்குச் சராசரியாக 20 மீட்டர் அளவில் பின்வாங்கியிருக்கிறது. இந்து குஷ் இமயமலைப் பனியாறுகள் 2011-2020 காலத்தில், அதற்கு முந்தைய பத்தாண்டைவிட 65 சதவீதம் வேகமாகக் கரைந்தன என்று காத்மாண்டுவில் உள்ள ஐசிமோட் என்ற மலை ஆய்வு நிறுவனம் 2023-ல் அறிவித்தது. இதில் ஏமாந்துபோக ஒரு இடம் இருக்கிறது. வட்டியில் வாழ்ந்த குடும்பம் அசலில் கைவைத்தால் ஆரம்பத்தில் வீட்டில் செலவு தாராளமாகவே நடக்கும். பனியாறு கரையும்போதும் அப்படித்தான். சில பத்தாண்டுகளுக்கு ஆற்றில் தண்ணீர் கூடும். நூற்றாண்டின் நடுப்பகுதியை ஒட்டி இமயத்தின் பல நதிகளில் அந்த உச்சம் வந்து, பிறகு இறங்கும் என்று மதிப்பிடுகிறார்கள். மழை நீரோடு சேர்த்துப் பார்த்தால் கங்கையின் ஆண்டுக் கணக்கில் பெரிய வித்தியாசம் தெரியாமலே போகலாம். ஜூலை வெள்ளமும் அப்படியே இருக்கும். குறையப்போவது மே மாதத்து ஓட்டமும், வறண்ட ஆண்டின் கூடுதல் பங்கும். பனியாறு மெலியும்போது வாங்கி வைக்கும் வயிறும் சுருங்குகிறது. மத்தியானம் உருகியது உடனே ஓடிவிடும், ராத்திரிக்கு மிச்சம் இருக்காது.

தீபாவளிக்கு மறுநாள் கங்கோத்ரி நடை சாத்தியதும் கங்கா மாதாவின் உற்சவ மூர்த்தியைப் பல்லக்கில் முக்பா கிராமத்துக்கு எடுத்துப் போய்விடுவார்கள். கடைகளை அடைத்துவிட்டு ஊரும் கீழே இறங்கிவிடும். டிசம்பர், ஜனவரியில் கோமுகத்தில் மேலே ஒரு சொட்டும் உருகாது. அப்போதும் குகையிலிருந்து தண்ணீர் வந்துகொண்டுதான் இருக்கும், மெலிந்து, கலங்கல் குறைந்து. பூமியின் சூட்டில் உருகியதும், பொந்துகளில் தேங்கியிருந்ததும் மெல்லக் கசிந்து வருவது அது. பல வாரம் பாறையைத் தொட்டுக்கொண்டே கிடந்ததால் கோடைத் தண்ணீரைவிட அதில் உப்புகள் அதிகம் கரைந்திருக்கும். அதற்கு மேலே, கோடையில் திறந்த கால்வாய்களை அடுத்த அட்சய திருதியை வரை பனி ஒவ்வொன்றாக மூடிக்கொண்டிருக்கும்.